துண்டுக்குள் நடுங்கிய கை

நயா பைசா புதிதாக வந்த சமயம், சூளகிரி சந்தையில் ஒரு மாட்டுத் தரகர் இருந்தார். ஒடிசலான ஆள், வெற்றிலைக் கறை ஏறிய உதடு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். ஆனால் விலையை மட்டும் வாயால் சொல்லமாட்டார். துண்டைப் போட்டு மூடி, உள்ளே நம் விரல்களைப் பிடித்துத்தான் பேரம்.

மாடு விற்க வருகிறவனிடம் முதலில், "சாப்பிட்டியாப்பா?" என்பார். இல்லையென்றால் களி தின்றுவிட்டு வரச் சொல்வார்.

"பசியோட விலை பேசாதே. அவசரத்துக்கு விக்காதே. கை காட்டிக் குடுத்துடும்."

ஒரு சந்தையன்று அவரே தம் கறவை மாட்டைப் பிடித்துவந்தார். வாங்க நின்றவன் நான். துண்டுக்குள் அவர் கை நடுங்கியது. எனக்கு அது போதாதா? ஒரு விரலை மடக்கி, பத்து ரூபாய் குறைத்தேன். ஒப்புக்கொண்டார். இன்னொன்றையும் மடக்கினேன். அதற்கும் சரி என்றார்.

பணம் கைமாறியபிறகு கேட்டேன். "ஏன் மாமா, நீங்களே இப்படி அவசரப்படலாமா?"

"ஓசூர் ஆஸ்பத்திரியில பொண்ணு காலையில போயிட்டா. ஊருக்குக் கொண்டுபோக வண்டி பேசணும்."

குறைத்த பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"பேசினது பேசினதுதான். சாப்பிட்டுட்டுத்தாம்பா வந்தேன். அப்பவும் கை நிக்கல."

எங்கள் பக்கம் பிணம் எடுக்கும்வரை வீட்டார் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டார்கள். அவர் சாப்பிட்டிருக்கிறார், என்னோடு விலை பேச.