கருங்கல்லில் ஒரு கிணறு

1968 சனவரி 13, சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. வடக்கிலிருந்து ஹார்மட்டான் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று சகாராவின் புழுதியை மாவாக அரித்துக் கொண்டுவந்து கூரையிலும் குடத்திலும் கண்ணிமையிலும் கொட்டும். சூரியன் தேய்ந்த நாணயம்போல மங்கலாகத் தெரிந்தது. கானாவின் வட எல்லைப் பக்கம், போல்கட்டாங்காவுக்குச் சற்றுத் தள்ளி, யாழ்ப்பாணத்திலிருந்து போய், ஒரு பாடசாலையின் ஆசிரியர் விடுதியில் அப்போது இருந்தோம். எனக்குப் பத்து வயது. நேரத்தை எப்படி இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்று சந்தேகப்படுபவர்களுக்கு: முந்தின கிழமைதான் அப்பா எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்திருந்தார். அந்த மாதம் நான் வேறு எதையும் பார்த்ததாக ஞாபகமில்லை.

தண்ணீர் லொறி வரவில்லை. மறுநாள் தைப்பொங்கல். அம்மா வெறுங்குடத்தை முற்றத்தில் கவிழ்த்து வைத்தார்.

"இஞ்சேருங்கோ, கிணறில்லாத வீட்டிலை இனி என்னாலை இருக்கேலாது. ஈஸ்டர் லீவோடை நானும் பிள்ளையும் ஊருக்குப் போறம்."

அப்பா கணித ஆசிரியர். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "கிணறுதானே, வெட்டினால் போச்சு," என்றார்.

அம்மாவின் குறை தண்ணீர் மட்டுமல்ல. விடுதிக்குப் பின்னால் ஒரு குன்று. யாரோ விளையாட்டாக அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனதுபோல, பாறைமேல் பாறையாக நிற்கும். வீட்டளவு கல் ஒன்று பாய் அகலத்து இடத்தில் காலூன்றியிருக்கும். ஹார்மட்டான் வந்தால் காற்று அவற்றின் இடுக்குகளில் புகுந்து இரவெல்லாம் விசிலடிக்கும். ஊருக்கு எழுதிய கடிதங்களில் அம்மா அந்த இடத்தைக் 'கல்லு ஊதுற ஊர்' என்றே குறிப்பிட்டார். அந்த ஊரில் தமிழில் கதைப்பதற்கு எங்களைவிட்டால் அவருக்கு மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி, அதே பாடசாலையில் பௌதிகம் படிப்பித்தவர்.

ஊருக்குப் போவதற்கான காசு வீட்டிலேயே இருந்தது. சம்பளத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்து, ஓர் ஆபத்து அவசரத்துக்கு விமானச் சீட்டு எடுக்கவென்று அம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அலுமாரியைப் பூட்டுகிற திறப்பு அம்மாவின் இடுப்பில் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பஞ்சுபோலத் துளை விழுந்த கல். எங்கே வெட்டினாலும் இரண்டு மூன்று ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்துவிடும். நல்ல தண்ணியா, உவர்த் தண்ணியா என்பதுதான் அங்கே கேள்வி. தண்ணீர் வருமா என்று எவரும் கேட்பதில்லை. அப்பாவும் கேட்கவில்லை. குசினிக்குப் பக்கத்தில் வடகிழக்கு மூலையைப் பார்த்துத் சகுனத்துக்குத் தேசிக்காய் வெட்டி வைத்து, பக்கத்துக் கிராமத்திலிருந்து நான்கு பேரைக் கூலிக்குப் பிடித்துத் தொடங்கிவிட்டார்.

மேலே செம்புறைக்கல். வெட்டும்போது இளகிய சீனிப்பாகுபோல வரும். வெளியே எடுத்துப் போட்டால் வெயிலில் செங்கல்லாக இறுகும். அதன் கீழே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு களிமண். கையில் எடுத்தால் குளிர்ந்தது.

"அத்தான், ஈரம்!" என்று மாமா குழிக்குள்ளிருந்து கத்தினார். "தலை முழுக அக்காவைச் சீயக்காய் அவிக்கச் சொல்லுங்கோ!"

களிக்குக் கீழே உருண்டைப் பாறைகள் வந்தன, பலாப்பழத்துக்குள் கொட்டைகள்போல. ஒன்றைக் கிளப்பினால் அடுத்தது. ஒவ்வொன்றையும் இதுதான் கடைசி என்று அப்பா சொன்னார்.

அந்தக் கட்டத்தில்தான் திருச்சிக்காரர் ஒருவர் வந்தார். நிலவியல் துறையில் வேலை. அந்தப் பக்கம் பாறை பார்க்க வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் தோசை சாப்பிடுவார். அன்று சாப்பிடுமுன் சுத்தியலோடு குழிக்குள் இறங்கி நாலைந்து இடத்தில் தட்டிப் பார்த்து, ஏறி வந்து குசினி யன்னலருகே கை கழுவினார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இது கிரானைட். பூமிக்குள்ள உருகிக் கிடந்து ஆறின கல்லு, இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி. உங்க ஊர்க் கல்லு மாதிரி தண்ணி குடிக்காது. விரிசல்ல மட்டும்தான் தண்ணி நிக்கும். அதோ, குன்றடியில ஒரு விரிசல் ஓடுது பாருங்க, அங்க தோண்டலாம். இங்க தோண்டினா காசுதான் போகும்."

"அப்ப நாங்கள் இருநூறு கோடி வருசம் பிந்தி வந்திட்டம்," என்றார் மாமா.

அப்பா தலையாட்டிக் கேட்டார். சந்தேகம் கேட்டு, விளக்கம் பெற்று, நன்றியும் சொன்னார். யன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா அடுத்த தோசையை ஊற்றினார்.

மறுநாள் அப்பா ஒரு கல்குவாரிக்காரரை அழைத்துவந்தார், பாறை துளைக்கிற இயந்திரத்தோடும் வெடிமருந்தோடும். குன்றடிக்கு அல்ல, அதே குழிக்கு.

"அப்பா, அந்தத் திருச்சி மாமா குன்றடியிலையெல்லோ வெட்டச் சொன்னவர்?"

"நீ போய்ப் படி."

எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் எல்லாருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மனிதர், ஒரு கல்லிடம் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று. சனிக்கிழமைதோறும் அவர் அலுமாரியின் முன்னால் வந்து நிற்பார். அம்மா இடுப்பிலிருந்து திறப்பை எடுப்பார்.

"இன்னும் எவ்வளவு வேணுமாம்?"

"இன்னும் கொஞ்சம்."

"கல்லுக்குள்ளை காசு விதைக்கிற மனிசனை நான் இப்பதான் பாக்கிறன்," என்பார் அம்மா. எண்ணிக் கொடுத்துவிட்டு, கூலியாட்களுக்குத் தேநீர் ஊற்றப் போவார்.

முதல் வெடியன்று எல்லாரையும் பாடசாலைக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். ஒரு கல் உயரக் கிளம்பி, நிதானமாக யோசித்துவிட்டு, அதிபரின் கோழிக்கூட்டுத் தகரத்தைத் துளைத்து இறங்கியது. கோழிகள் இரண்டு கிழமை முட்டையிடவில்லை. அதற்கும் அலுமாரி திறந்தது. குழிக்குள் போய்ப் பார்த்தோம். பாறையின் உடைந்த முகம் புதுசாக, கறுப்பும் வெள்ளையும் ரோசாவுமாகப் பளபளத்தது. அதில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"அக்கா, தண்ணி இல்லை," என்றார் மாமா. "ஆனால் அம்மிக்கு நல்ல கல்லு. பரம்பரைக்கும் தேயாது."

அம்மா சிரித்தார். அந்த ஊருக்கு வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றுதான். அப்பா குனிந்து ஒரு துண்டுக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் வந்து போயிற்று. பயணத்தைப்பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. மே மாதம் மழை தொடங்கி, முற்றத்து வெள்ளமெல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கியது. எங்கள் ஊர்க் கல்லாயிருந்தால் உள்ளே ஓடி ஒளித்திருக்கும். கருங்கல் ஒரு சொட்டையும் விடவில்லை. அடுத்த ஹார்மட்டான் வரை அம்மா அதில் அள்ளித் துணி தோய்த்தார். தண்ணீர் வந்தது, அதனால் அம்மா போகவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த முடிவைச் சரிபார்க்கவும் இல்லை. எதையும் இரண்டுதரம் கூட்டிப் பார்க்கிற எனக்கு இது பெரிய குறைதான்.

போன ஒக்டோபரில், இங்கே கனடாவில், மொன்றியலின் ரொக்ஸ்பரோவில், பக்கத்து வீட்டுக்காரர் நிலவறையை ஆழமாக்கப் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார். இரைச்சல் என் தலையைப் பிளந்தது. அம்மாவுக்கு இப்போது தொண்ணூற்று மூன்று. கதிரையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது லேசான கல்லு. சத்தத்திலையே தெரியுது," என்றார். உண்மைதான், மொன்றியலுக்குக் கீழேயும் சுண்ணாம்புக்கல்தான்.

அப்போதுதான் கேட்டேன். "அம்மா, ஈஸ்டர் ஏப்ரல் பதினாலு. மழை வந்தது மேயிலை. அப்ப ஏன் நீங்கள் போகேல்லை?"

"அந்த மனிசன் காசெல்லாத்தையும் கிணத்துக்கை போட்டிட்டுது. பேந்து என்னத்திலை போறது?"

"காசு உங்கடை அலுமாரியிலை எல்லோ இருந்தது. திறப்பும் உங்களிட்டை."

"ஓம்," என்றார் அம்மா. பிறகு, "உந்த யன்னலைச் சாத்து, தூசி வருது," என்றார்.

திருச்சிக்காரர் சொன்ன அன்றே, தண்ணீர் வராதென்று அப்பாவுக்குத் தெரியும். யன்னலுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கும் தெரியும். போகாதே என்று ஒருவருக்குக் கேட்க வராது. போகமாட்டேன் என்று மற்றவருக்குச் சொல்ல வராது. ஆகவே ஒருவர் பயணக் காசைக் கேட்டார், மற்றவர் எண்ணிக் கொடுத்தார். பத்து வயதில் நான் கண்டது, கல்லிடம் தோற்றுப்போன ஒரு கணித ஆசிரியரை மட்டுமே.

கூலி, இயந்திரம், வெடிமருந்து, கோழிக்கூடு எல்லாம் போக, அந்த ஈஸ்டருக்கு முன் அலுமாரியில் கானாக் காசில் ஆறு சீடி மிஞ்சியது. மழைக்கு இன்னும் பல கிழமைகள் கிடந்தன. குழிக்குள் வெறும் கல்தூள். அம்மா மாமாவைச் சந்தைக்கு அனுப்பி, அந்த ஆறு சீடிக்கும் ஒரு வாளியும் கயிறும் வாங்குவித்தார். ஆக, பயணக் காசில் கிணற்றுக்குப் போனது மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு சீடி.