பயத்தில் சொன்ன சம்மதம்

இடைக்கால ஐரோப்பாவின் திருச்சபைச் சட்டம்தான் என் ஆராய்ச்சி. அதிலும் திருமண வழக்குகள் மட்டும். லத்தீன் கற்று, வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கி, இப்போது புதுவாயலுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் பயிரிடுகிற எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் அதிகம் கேட்டதில்லை. "பெரியவ வாத்தியாரா கீறா" என்பதோடு நைனா முடித்துக்கொள்வார்.

என் தங்கையின் கல்யாணத்தின்போது நான் ஊரில் இல்லை. அவள் மாட்டேன் என்றிருக்கிறாள். நைனா பூச்சிமருந்து பாட்டிலைத் திறந்து, குடித்துவிடுவேன் என்று கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் சரி என்றிருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன ஆடியில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரிக்கு வந்தாள். நான் வகுப்பில் இருந்ததால் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அச்சத்தால் தந்த சம்மதம் சம்மதமே அல்ல, அப்படி நடந்த திருமணத்தைத் திருச்சபை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும் என்று நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவள் என்னையே பார்த்தாள்.

கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அக்கா, பயந்துக்கினு சரின்னு சொன்னா கல்யாணமே இல்லன்னியே. நெஜமாவா?"

"அது அந்தக் காலத்து சட்டம்டி."

"இப்ப?"

"இப்பவும் கீது. ஆனா பயம் போன ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போவணும். அதுக்கப்புறமும் சேந்து வாழ்ந்தா சம்மதம்னு எடுத்துக்குவாங்க."

அவள் டீயைத் தொடவில்லை.

"எனக்கு இன்னும் போவலியே."

பயம் எப்போது போனதாகக் கொள்வது என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. பழைய நீதிபதிகள் இதைப் பக்கம் பக்கமாக அலசியிருக்கிறார்கள். நானே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "சரி, ஊட்டுக்குப் போலாம் வா" என்றேன். என் வீட்டைத்தான் சொன்னேன். அது அவளுக்கும் புரிந்தது.

அவள் கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. என்னிடம் முன்பு படித்த ஒரு வக்கீல் பெண், இவ்வளவு நாள் சேர்ந்து வாழ்ந்துவிட்டதால் செல்லாத் திருமணம் என்று வாதாட முடியாது, விவாகரத்துக்குப் போடலாம் என்றாள். போட்டோம். வழக்கு நடக்கிறது. தங்கை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா போன் செய்தார். "அவள அனுப்பி வுடு. ஊர்ல தல காட்ட முடியல."

போனை அவளிடம் கொடுத்தேன்.

"வரல நைனா" என்றாள். அந்தப் பக்கம் அவர் கத்துவது எனக்கே கேட்டது. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி நைனா, வரல" என்று வைத்தாள். பிறகு கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகையோ கோபமோ வரும் என்று சற்று நேரம் நின்று பார்த்தேன். எதுவும் வரவில்லை. அடுப்பில் உலை கொதித்தது. அரிசியைக் களைந்து போட்டேன்.