வைக்காத வெற்றிலை

சினிமா பார்க்கிறவர்கள் முரடர்கள், ரேடியோ கேட்கிறவர்கள் பண்பானவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். இருந்தாலும் இதை எழுதாமல் விடமாட்டேன்.

ராயபுரத்தில் எங்கள் குப்பத்துக்கு ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் டென்ட் கொட்டகை. பூங்காவில் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, சாயங்காலம் ரேடியோ வைப்பார்கள். குப்பத்துப் பெரியவர்கள் அங்கே போய் உட்காருவார்கள். என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டம்தான். பாட்டு முடிகிற வரை இருமக்கூட மாட்டார்கள். முடிந்ததும் ஒருவர், "பாட்டு மேல போவசொல்லோ பாடறவருக்கு மூச்சு வாங்கிச்சு பாத்தியா?" என்பார். அவர் வாயை மூடிய பிறகுதான் அடுத்தவர் திறப்பார். பெண்கள் வேலிக்கு வெளியே நின்று கேட்கலாம், பேசக்கூடாது.

கொட்டகை அப்படியில்லை. மணல் தரை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். ரீல் மாற்ற விளக்கைப் போட்டால் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். விடிந்ததிலிருந்து மீன் கூடை சுமக்கிற எங்களுக்கு வாய்விட்டுக் கத்த இருந்த இடம் அது ஒன்றுதான். வில்லன் வந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவோம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு படத்தில் கதாநாயகன் பெண்டாட்டியை ஓங்கி அறைந்தான். ஆண்கள் பக்கம் விசில். நான் எழுந்து நின்றேன்.

"அடப் பாவி! உன் கையில கொள்ளிய வெக்க! அவ இன்னாடா பண்ணா உன்ன?"

விசில் நின்றது. "எங்க ஆள திட்றது யார்மே அது?" என்று ஒருவன் கத்தினான்.

"உங்க ஆளா? அப்ப உன் தங்கச்சிய கட்டிக் குடு! அவ வாங்கட்டும் அறைய!"

சுவரைத் தாண்டி மணல் வந்து விழுந்தது. என் பக்கத்தில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையின் கண்ணில் விழுந்தது. நாங்களும் வாரி வீசினோம். படம் நின்றது.

"பொம்பளைங்க பக்கத்த மூடிட்றேன், பேஜாரே வோணாம்" என்றார் கொட்டகைக்காரர். முதலில் மணல் வீசியவனைப் பற்றி மூச்சில்லை.

பஞ்சாயத்து கூடியது. பூங்காவில் உட்காரும் அதே பெரியவர்கள். பொறுமையாகக் கேட்கிறவர்களாயிற்றே, நியாயம் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். ஒருவர் பேசி முடித்து மற்றவர், அவர் முடித்து இன்னொருவர் என்று பேசினார்கள். நான் வாயைத் திறந்தபோது என் வீட்டுக்காரரே, "பெரியவங்க பேசிகினு கீறாங்க இல்ல, கம்முனு குந்துமே" என்றார். கத்துகிற கூட்டத்தில் நானும் கத்த முடிந்தது. முறை வைத்துப் பேசுகிற கூட்டத்தில் என் முறை வரவே இல்லை.

கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள். கொட்டகை வாசலில் ஒட்டியிருக்கும் கதாநாயகன் படத்துக்கு முன்னால் நான் வெற்றிலை பாக்கு வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதுவரை உள்ளே கால் வைக்கக் கூடாதாம். மற்ற பெண்கள் போகலாம், வாயைத் திறக்கக் கூடாது.

"மண்ணு வாரிப் போட்டவன் யாருகிட்ட மன்னிப்பு கேப்பான், பெரிப்பா? பசை தடவி ஒட்ன காயிதத்துக்கு நான் வெத்தல வெக்கணுமா?"

பாட்டு முடிந்ததைப் போலத் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

"ஒரு வெத்தல தானேமே, வெச்சிட்டு வந்துடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"அத்த நீயே மென்னு துப்பு" என்றேன்.

மறுநாளும் அதே படம். நான் கொட்டகைக்குப் பின்னால் போய், டென்ட் துணிக்கு வெளியே உட்கார்ந்தேன். வெளியே உட்காரக் கூடாது என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லையே. படம் தெரியாது, வசனம் கேட்கும். அந்த இடம் வந்தது. அறை விழுந்த சத்தம். விசில். பெண்கள் பக்கம் மட்டும் பேச்சு மூச்சில்லை.

"அடப் பாவி! உன் கையில கொள்ளிய வெக்க!"

என் வார்த்தை. குரல் அந்தக் குழந்தையின் அம்மாவுடையது. பின்னாலேயே இன்னொருத்தி, அப்புறம் அந்தப் பக்கம் முழுக்க. அத்தனை பேரையும் யார் வெளியே அனுப்புவது? கொட்டகைக்காரர் விளக்கைப் போட்டார், அணைத்தார். படம் ஓடியது.

அடுத்த நாள் உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் வெற்றிலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் மணல் வீசியவன் யார் என்று எனக்குத் தெரியும். கண் சிவந்து கிடந்த அந்தக் குழந்தையை அவன் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. எந்தப் பெரியவரும் அவனைப் போய்ப் பார்க்கச் சொல்லவும் இல்லை.