ஏழு தண்ணீர் கழுவிய அரிசி

கால் மெட்டி விரலை இறுக்கிய காலையில்தான் முதலில் கவனித்தேன். கணைக்கால் எலும்பின் மேல் பெருவிரலால் அமுக்கினேன். குழி விழுந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் குழி அப்படியே இருந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டேன்.

எதற்குமே நேரமில்லாத பெண் நான். பினாங்கைப் பிடித்த ஜப்பான்காரன் ஊர்க் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்தான். இருட்டோடு எழுந்து, மரவள்ளிக்கு மண் அணைத்து, பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்று, கணவர் வேலைக்குக் கிளம்புமுன் சமைத்து முடிப்பேன். அவர் அரசாங்கக் கிளார்க். ஒரு கவளத்தை மென்று விழுங்க ஒரு யுகம் எடுப்பார். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கெதியா வாங்கோவன். பொத்தான் பூட்டவும் நாள் பார்க்கிறியளோ?"

"பொறும், பொறும்," என்று சிரிப்பார்.

ஒரு மாதத்தில் அவர் காலும் வீங்கியது. மாடியறைக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. தெருமுனை டாக்டரிடம் போனோம். அவர் அலமாரியில் போத்தல்கள் எல்லாம் காலி. என் நெஞ்சில் கொஞ்ச நேரமும் இவர் நெஞ்சில் நெடுநேரமும் குழாயை வைத்துக் கேட்டார். பெரிபெரி (தவிட்டுச் சத்து கிடைக்காமல் நரம்பும் இருதயமும் கெடும் நோய்) என்றார்.

"அரிசி எப்படிம்மா கழுவுறீங்க?"

"ஏழு தண்ணி, டாக்டர். தெளியிற மட்டும்." பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் கழுநீர் கலங்கலாக இருக்க உலையில் போடுவது சோம்பேறித்தனம்.

"கழுவின தண்ணி?"

"தவிட்டோட சேர்த்துக் கோழிக்கு வைப்பன்."

"கோழி எப்படி இருக்கு?"

"நல்லாக் கொழுத்திருக்கு."

"இருக்கும் லா. உங்க ரெண்டு பேர் சத்தும் அதுங்ககிட்டதானே இருக்கு."

பிறகு விளக்கினார். புழுங்கல் அரிசியில் சத்து உள்ளே இறங்கியிருக்கும்; கழுவினாலும் எல்லாம் போகாது. பச்சரிசியில் அது மேல்தோலோடு போய்விடும். புழுங்கல் கொண்டுவந்த கப்பல்கள் நின்ற பிறகும் நான் பழைய கைப்பழக்கத்தை மாற்றவில்லை. சுண்ணாம்பும் வண்டும் கலந்த பங்கீட்டுப் பச்சரிசியைப் புடைத்து, தவிட்டைத் தள்ளி, ஏழு தண்ணீர் கழுவினேன். கோழி இட்ட முட்டையைக் கொடுத்து உப்பு வாங்கினேன்.

"தவிட்டை வறுத்துச் சாப்பிடுங்க. ரெண்டு பேரும் மூணு வாரம் படுக்கணும். அண்ணனுக்கு இருதயம் ரொம்ப வீங்கியிருக்கு. பாரம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. வீட்டுக்குப் போறப்ப ஏறுறதுதான் கடைசி. அதையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்க."

அவருக்குப் படுக்கை பிடித்துவிட்டது. சுவரில் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தவிட்டைத் தேன் மாதிரி நக்கிச் சாப்பிடுவார். எனக்கு அந்தப் பாயே சிறை.

கீழ்வீட்டுச் சீனத்தி அக்கா தினமும் மதியம் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். ஐந்தாம் நாள் காலையிலேயே பானை காலி. மதியம் வரை பொறுத்தால் நாக்கு ஒன்றும் வறண்டுவிடாது. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. வாளியோடு எழுந்தேன்.

"நீர் படுத்திரும். நான் போறன்," என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டார். நான் கொடுத்தேன். பிடுங்கினார் என்று எழுதுவதுகூடப் பொய். கொடுத்தேன்.

பதினாறு படி. நிறைந்த வாளியோடு ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றார். மேலே நின்ற நான், நாற்பது பேர் வரிசையில் நிற்பதுபோல, "கெதியா வாங்கோ, தண்ணி சிந்துது," என்றேன்.

அவர் வேகமாக இரண்டு படி ஏறினார். ஒன்பதாவது படியில் வாளி கவிழ்ந்தது. பிறகு அவர்.

விதி என்றார்கள். ஜப்பான்காரன் கொன்றான் என்றார்கள். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

அதன்பிறகு நான் ஒழுங்காகப் படுத்தேன். எழுந்து போய் யாருக்குச் சமைக்க? தினமும் விடிந்ததும் காலை அமுக்கி எண்ணுவேன். முதலில் குழி நிரம்ப நூறு வரை எண்ண வேண்டியிருந்தது. பிறகு அறுபது. பிறகு இருபது. மூன்றாம் வாரம் ஒரு காலையில் குழியே விழவில்லை. அன்று வாய்விட்டு அழுதேன். அவருக்கும் இதே தவிடுதான், இதே மூன்று வாரம்தான்.

இதே வீக்கத்தோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: படுத்திருங்கள். தவிட்டைச் சிறுதீயில் வறுக்க வேண்டும், அவசரப்பட்டால் கருகும். அரிசிக்கு ஒரு தண்ணீர் போதும். கவளத்தை நன்றாக மெல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு இப்போது இதெல்லாம் பிடித்திருக்கிறது. ரவிக்கைக் கொக்கியைக்கூட மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பூட்டுகிறேன். இப்படி ஒரு காலைப்பொழுதுகூட அவரோடு நான் இருந்ததே இல்லை.

ஜப்பான்காரன் போய்விட்டான். கடிகாரங்கள் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டன. வாளியோடு ஏறும்போது ஒன்பதாவது படியில் இறக்கி வைத்து நிற்கிறேன். மூச்சு சீரான பிறகும் சற்று நேரம் நிற்கிறேன். கீழிருந்து சீனத்தி அக்கா "பெலான், பெலான்" என்பாள். மலாயில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம்.

மேல்படியில் நின்று என்னை அவசரப்படுத்த இப்போது யாருமில்லை. அவர் இருந்திருந்தாலும் அவசரப்படுத்தியிருக்க மாட்டார்.