இறவாணத்துக் காகிதங்கள்

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் வெட்டவெளியில் காகிதத்தைப் பிரிக்க மாட்டார்கள். மலை இடுக்கிலிருந்து இறங்குகிற காற்று, கொடியில் காயும் சேலையை அடுத்த தெருவில் கொண்டுபோய் விரித்துவிடும். அது தெரியாமல் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து, எங்கள் முற்றத்தில் பாயைப் போட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் பரப்பினார். நான் அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக ஓடினேன். படி, உழக்கு, தோசைக்கல், அம்மிக் குழவி, வெண்கலப் பானை, அதன் மூடி தனியாக. எல்லாம் காகிதத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டன. அப்படியும் ஓரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. முற்றம் நிறையக் கோழிகளைக் காலைக் கட்டிப் போட்டதுபோல் இருந்தது. அன்று மத்தியானச் சமையலுக்கு எனக்கு மிஞ்சியது ஒரு மண்சட்டியும் கரண்டியும்தான்.

வந்தவர் சர்வகலாசாலைப் புத்தகசாலைக்காரர். இப்போது பல்கலைக்கழகம் என்கிறார்கள், அன்றைக்கு சர்வகலாசாலை. எங்கள் வீட்டுக்காரர் வாய்க்கால் சங்கத்தின் காரியதரிசியாக இருந்தவர். பெரியாற்றுத் தண்ணீர் எந்த மடைக்கு எப்போது திரும்ப வேண்டும் என்று மராமத்து இலாகாவோடு மல்லுக்கட்டுவதற்காக ஊர்க்காரர்கள் கூடி வைத்த சங்கம் அது. உலகச் சண்டைக்காலத்தில் ஆள் சேராமல் சங்கம் கலைந்துபோயிற்று. காகிதம் மட்டும் எங்கள் வீட்டுப் பெட்டியில் தங்கிவிட்டது. காகிதப் பஞ்சம் வந்தபோது, சங்கத்துக்குத் தலைவராக இருந்த பலசரக்குக் கடை ராவுத்தர் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

"தாயி, இதுல பாதியக் குடுத்தாப் போதும், ஒரு வருசத்துக்குச் சீரகம் மடிச்சுத் தள்ளிருவேன்."

"ஏன்ணே, நீங்க கையெழுத்துப் போட்ட மகஜர்லயே சீரகம் மடிப்பீகளா?"

"எங் கையெழுத்துக்கு அதுக்கு மேல மதிப்பு இருக்கா என்ன?"

பெட்டியைப் பற்றி யாரோ ஓய்வுபெற்ற மராமத்து அதிகாரி சொல்லித்தான் புத்தகசாலைக்காரர் வந்தார். எனக்கு அவர் வந்ததிலிருந்தே பயம். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவள். இவர் எதற்குப் பழைய காகிதத்தைக் கேட்கிறார், சர்க்காருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாரோ, அதில் இருக்கிற பேருக்கெல்லாம் சம்மன் வருமோ என்று நான் பாட்டுக்கு மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டு, ஒரு காகிதத்தைத் தொடுவதற்குமுன் கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறவராக இருந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது.

"அங்க ஒரு அறை இருக்கும்மா," என்றார். "சங்கங்களோட காகிதம், தனி மனுஷங்களோட காகிதம், எல்லாத்தையும் அட்டைப் பெட்டியில போட்டு வெயில் படாம வச்சிருக்கோம். உங்க பேரப்பிள்ளைகளோட பேரப்பிள்ளை வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாங்க."

அந்த அறையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த நிமிஷமே எனக்கு அது தெரிந்துவிட்டது. ஜன்னல் எல்லாம் சாத்தி, கிணற்றுக்கு அடியில் இருப்பதுபோல் பச்சையாக ஒரு வெளிச்சம். அதற்குள் எங்கெங்கோ ஊர்களின் காகிதங்கள் மூச்சுவிடாமல் மிதந்துகொண்டிருக்கும். ஒரு ஊர் வாய்க்காலும் இன்னொரு ஊர் வாய்க்காலும் அங்கே பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் படுத்திருக்கும். சண்டை போட முடியாது. சோறு வடிக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் நான் அந்த அறைக்குள் நடந்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்.

"இது என்னம்மா, மூலையெல்லாம் மஞ்சளா இருக்கே. பூசணமா?"

"மஞ்சப்பொடிங்க. தண்ணி விடச் சொல்லி வந்த உத்தரவுல்ல? நல்ல சேதி. நாந்தேன் தடவி வச்சேன்."

மனிதர் சிரிக்கவில்லை. தன் பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "உங்க சங்கம் கொடுத்துவச்ச சங்கம். கேட்ட தண்ணியெல்லாம் கிடைச்சிருக்கு. ஒரு சச்சரவு இல்லை. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடச் சாகலை. இப்படி ஒரு சங்கத்தை நான் பார்த்ததே இல்லை."

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ராவுத்தருக்குப் புரையேறிவிட்டது.

"சச்சரவு இல்லையா? அய்யா, இந்தா நெத்தியப் பாருங்க. இது என்ன கடா முட்டுன தழும்பா? கடமடைக்காரன் மம்பட்டிக் காம்பு! எங்களுக்குத் தண்ணி இல்லைன்னு வந்த உத்தரவு மட்டும் ஒரு வண்டி தேறும்!"

"அப்படின்னா அதெல்லாம் எங்கே?" என்றார் புத்தகசாலைக்காரர்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். உடனே பார்வையை மாட்டுக் கொட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கள் பக்கம் சாவுச் சேதி வந்த கடிதம் வாசற்படி தாண்டாது. வெளியே நின்றே படிப்பார்கள். படித்ததும் கிழித்துப் போடுவார்கள். இல்லாவிட்டால் கூரை இறங்கி முடிகிற இறவாணத்தில், கீற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் செருகிவிடுவார்கள். அது எல்லார் வீட்டிலும் உள்ளது. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் வளர்ந்துவிட்டது. தண்ணீர் கிடையாது என்று ஒரு கடிதம் வந்தாலே நான் நாற்று கருகி, கடன் ஏறி, நாங்கள் மூட்டை முடிச்சோடு கூலிக்கு மலை ஏறுகிறவரை யோசித்துவிடுவேன். அன்றைக்குச் சோறு இறங்காது. அதைப் பார்த்துப் பார்த்து இவர் கெட்ட சேதி எதுவானாலும் வெளியிலேயே நிறுத்தப் பழகிவிட்டார். தபாலைப் படித்தபடி கொட்டத்துப் பக்கம் போவார். வரும்போது கை சும்மா இருக்கும். "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்பார். நானும் கேட்க மாட்டேன். கேட்காமல் இருந்தால் அது நடக்கவில்லை என்று ஒரு நினைப்பு.

கீற்று மாற்றுகிறபோது பழைய கூரை அப்படியே குப்பைக்குழிக்குப் போகும். குப்பை வயலுக்குப் போகும். எங்களுக்குக் கிடையாது என்று எழுதின உத்தரவுகளையெல்லாம் நாங்கள் நெல்லாக அறுத்துத் தின்றிருக்கிறோம்.

இதைச் சொன்னபோது புத்தகசாலைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போகட்டும்மா. இருக்கறதைத்தான் எடுத்துட்டுப் போக முடியும்," என்று மறுபடி குனிந்து பட்டியலை எழுதத் தொடங்கினார். எழுதும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுகிறவர் அவர். "மகஜர். எழுதியவர் பெயர் இல்லை. மகஜர். எழுதியவர் பெயர் இல்லை. தீர்மானம். எழுதியவர் பெயர் இல்லை."

கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றை நான் கீழே வைத்துவிட்டேன்.

அந்தக் காகிதங்களை எழுதினவன் என் தம்பி. எங்கள் வீட்டுக்காரரின் கையெழுத்து எறும்பு மை தொட்டு நடந்ததுபோல் இருக்கும். அதனால் சங்கத்துக்கு வேண்டியதெல்லாம் என் தம்பிதான் எழுதினான். எழுதி, ஊரெல்லாம் சுற்றிக் கைநாட்டு வாங்கி, அவனே மலையேறி அணைக்கட்டு முகாமில் கொடுத்துவிட்டும் வருவான். வரும்போது மடியில் ஏலக்காய் வாசனை அடிக்கும். ஒரு மழைக்காலத்தில் மேலே போனவன் விஷக் காய்ச்சலில் அங்கேயே போய்விட்டான். அவனைப் புதைத்த மண்ணைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. முகாமிலிருந்து வந்த கடிதம் இறவாணத்துக்குப் போயிற்று. மற்றவர்களுக்கெல்லாம் பெட்டிக்குள் ஒரு கைநாட்டாவது இருந்தது. எழுதிக் கொடுத்தவன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

என் மனசுக்குள் இருந்த அந்தப் பச்சை அறை திடீரென்று வேறுமாதிரி ஆகிவிட்டது. தம்பி அதற்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறான். வருகிறவர்கள் எல்லாரும் அவன் எழுத்தைப் படிக்கிறார்கள். யாருக்கும் அவனைத் தெரியவில்லை.

"அது எந் தம்பி எழுதுனதுங்க," என்றேன்.

"எதும்மா?"

"எல்லாந்தேன்."

புத்தகசாலைக்காரர் பேனாவை மூடினார். "நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா வாய்வார்த்தையா கேட்டதைப் பட்டியல்ல போட எனக்கு அதிகாரம் இல்லை. அவர் பேர் போட்ட ஒரு துண்டுக் காகிதம் இருந்தாப் போதும்."

நாங்கள் மூன்று பேரும் கொட்டத்துக்குப் போய் இறவாணத்தைத் தடவினோம். கடைசியாகக் கூரை மாற்றினபின் செருகினவை சில இருந்தன. கரையான் தின்று, சாரல் நனைத்து, கைபட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தன. ராவுத்தர் கொட்டத்துக்குள் நின்று மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "இந்தக் கழுதை ஏதாச்சும் தின்னுருக்குமோ?" என்றார். யாரும் சிரிக்காததால் அவரும் தேட ஆரம்பித்தார். தம்பியின் கடிதம் அங்கே இருக்காது என்று எனக்குத் தெரியும். அதற்குப்பின் எத்தனையோ கூரை மாறிவிட்டது. இருந்தும் மூங்கில் நெடுக விரலை விட்டுப் பார்த்தேன்.

"நீங்களே ஒண்ணு எழுதிக் கொடுங்களேன்," என்றார் புத்தகசாலைக்காரர். "இவர் இன்னார், இதை எழுதினவர் இவர்னு. கையெழுத்துப் போடுங்க. அதையும் பெட்டியில சேர்த்துடறேன். காலையில பஸ் இருக்கு, அதுக்குள்ள கொடுத்தாப் போதும்."

ராத்திரி தூக்கம் எங்கே வந்தது? நான் எழுதினது தப்பாகிவிட்டால்? ஏதோ ஒன்றிரண்டு தாளை வேறு யாராவது எழுதியிருந்து, நான் என் தம்பி பேரில் ஏற்றிவிட்டால்? எல்லாவற்றுக்கும் மேல், அவன் செத்தான் என்றும் எழுத வேண்டும். சாவு எழுதின காகிதத்தை வீட்டுக்குள் இருக்கிற பெட்டியில் எப்படி வைப்பது? விடிந்ததும் இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தாடையைச் சொறிந்துகொண்டார்.

"காகிதம் உள்ள வரக் கூடாது. அம்புட்டுத்தானே? பெட்டிய வெளிய கொண்டாந்துருவோம்."

அவர் ஒரு பக்கமும் ராவுத்தர் ஒரு பக்கமும் பிடித்து, பெட்டியைத் தெருவில் புங்க மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"காரியதரிசி, ஒங்க பக்கம் தூக்குறீகளா, இல்ல சும்மா தொட்டுக்கிட்டு வாரீகளா?"

"சங்கத்துலயும் இப்பிடித்தேன் கேட்டீக. தூக்குனது பூராம் நாந்தேன்."

நான் வண்டி நுகத்தடியில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் ஒரு முழுத் தாளை நான் நிரப்பியதே இல்லை. ராவுத்தர் மேலே குனிந்து பார்த்தார்.

"'மகா கனம் பொருந்திய'ன்னு தொடங்கு தாயி. அப்பிடித்தேன் எழுதணும்."

"எந் தம்பிக்கு எதுக்குண்ணே மகா கனம்? அவன் ஒரு கட்டு விறகு எடைகூட இருக்க மாட்டான்."

மேலே தம்பியின் பேரைப் போட்டுவிட்டு இப்படி எழுதினேன்: இந்தப் பெட்டியில் ஒரே கையெழுத்தில் உள்ள மகஜர்களை எழுதியது என் உடன்பிறந்த தம்பி. சங்கத்துக்காக மலைக்குப் போய்க் காய்ச்சலில் இறந்தான். அந்தச் சேதி வந்த காகிதத்தை எங்கள் வழக்கப்படி வீட்டுக்குள் வைக்கவில்லை, அதனால் இல்லை. வேறு யாராவது எழுதிய தாள் இதில் கலந்திருந்தால் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். கீழே என் கையெழுத்து, கோணலாக.

காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. புத்தகசாலைக்காரர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, என் எழுத்து புரிகிறதா என்று கண்ணாலேயே படித்துப் பார்த்தார். சுருளிமலைப் பக்கம் மேகம் இறங்கி, தூரத்து வயல்கள் எல்லாம் பாதி அழிந்து தெரிந்தன. பிறகு பெட்டி மேல் உட்கார்ந்து பட்டியலை எடுத்தார். "எழுதியவர் பெயர் இல்லை" என்றிருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார். எழுதும்போது வழக்கம்போல் சொல்லிக்கொண்டார். அந்தத் தடவை அவர் சொன்னது என் தம்பியின் பேர்.

அவன் போனபின் நான் அழுவேன் என்று பயந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒருவர், பட்டணத்து நாக்கில், அதைத் தெருவில் உட்கார்ந்து சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார்.

"சரியாச் சொல்றேனாம்மா?" என்று கேட்டார் புத்தகசாலைக்காரர்.

எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"காத்துல காதுல விழுகலைங்க," என்றேன். "இன்னொருக்கச் சொல்லுங்க."