நாலாம் நம்பர் போத்தல்

"நல்லாயிருக்கு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருடமாக நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பண்டிகைக்கு, வைன் போடுகிறேன். உரும்பிராயில் ஒரு தோட்டத்தில் கறுப்புத் திராட்சை வாங்கி, கையால் பிசைந்து, சீனியும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, சாடியின் வாயைத் துணியால் கட்டி, இருபத்தொரு நாள் மரக்கரண்டியால் கிண்டி, வடித்துப் போத்தலில் அடைப்பேன். குருநகரில் எங்கள் ஒழுங்கையில் அநேகமான வீடுகளில் இதுதான் நடக்கிறது. நத்தாரன்று வீடு வீடாகப் போய், கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸ் வைன் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வர வேண்டும். வினாகிரி மாதிரிப் புளித்ததைக் குடித்துவிட்டு நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பிறகு என்னுடையதைப் பற்றி அவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?

கலிபோர்னியாவில் இருக்கும் அண்ணை போன மார்கழியில் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். வருடா வருடம் ஊரிலிருந்து யாராவது போகும்போது என் வைனில் ஒரு போத்தல் அவருக்குக் கொடுத்தனுப்புவேன். அங்கே ஒரு குடும்பத்தின் வைன் தோட்டத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறார். மூன்று தலைமுறையாக அவர்களுக்கு அதுதான் தொழில். அந்த வீட்டு மகள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இந்த முறை சரிவரேல்லை அப்பா" என்று முகத்துக்கு நேரே சொல்வாளாம். தகப்பன் தலையாட்டிவிட்டு வேறு பீப்பாயைத் திறப்பாராம். இதை அண்ணை சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

அங்கே சனி ஞாயிறுகளில் சனம் வந்து வைன் ருசி பார்க்குமாம். அதையே இங்கும் ஒரு முறை செய்து பார்ப்போம் என்று அண்ணையை நான்தான் பிடித்து உலுப்பினேன். எங்கள் தேவாலயச் சுவாமியாரும் சம்மதித்தார். நத்தாருக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் ஆறு வீட்டு வைன் வைத்தோம். சுவாமியார் தனியாக இருந்து போத்தல்களுக்குப் பேப்பர் சுற்றி நம்பர் ஒட்டினார். ஆளுக்கொரு தாளில், பேர் எழுதாமல், ஒவ்வொரு நம்பருக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும். எது யாருடையது என்று தெரியாவிட்டால் எல்லோரும் உண்மையை எழுதுவார்கள் என்பது அண்ணையின் கணக்கு. நானும் அதை நம்பினேன்.

அங்கே செய்வதுபோல, வாயில் வைத்து உருட்டிவிட்டுத் துப்புவதற்கென்று அண்ணை ஒரு வாளியும் வைத்தார்.

"துப்புறதோ? ஒரு வீட்டுக்காரர் தந்ததையோ?" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு மாமி.

ஒருவரும் துப்பவில்லை. கடைசியில் அந்த வாளிக்குள் கிடந்தது இரண்டு வாழைப்பழத் தோல் மட்டும்தான்.

புள்ளித் தாள்களைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து. அண்ணை பொறுமையாக, "ஏன் இப்பிடி?" என்று கேட்டார். அதே மாமி சொன்னார்: "எது ஆற்றை வீட்டு வைன் எண்டு தெரியாது தம்பி. தெரியாமல் எப்பிடிக் குறைச்சுப் போடுறது?"

மண்டபமே ஓம் ஓம் என்றது. எனக்கு அழுகை வராத குறை.

ஒரே ஒரு தாள் மட்டும் வேறாக இருந்தது. அது என்னுடையது. நான் மனச்சாட்சிப்படி எழுதினேன். ஒன்றுக்கு ஏழு, இரண்டுக்கு எட்டு. நாலாம் நம்பர் பாணி மருந்து மாதிரி இனித்தது. விழுங்கிய பிறகும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு நின்றது. சீனியை அள்ளிக் கொட்டுகிறவர் எதிர்வீட்டு அக்காதான். அவருக்கு ஒரு நாளாவது தெரியட்டும் என்று பேனையை அழுத்தி இரண்டு போட்டேன்.

அண்ணை எல்லாப் புள்ளிகளையும் உரத்து வாசித்துவிட்டு, ஒவ்வொரு பேப்பராக உரித்தார். நாலாம் நம்பர் போத்தலின் கழுத்தில் நீல நூல் கட்டியிருந்தது. அந்த நூலை என் போத்தல்களுக்கு நான்தான் கட்டுவேன்.

எதிர்வீட்டு அக்கா வந்து என் முதுகைத் தடவினார். "ஆரோ எரிச்சல் பிடிச்சது ரெண்டு போட்டிருக்கு பிள்ளை. நீ ஒண்டும் யோசிக்காதை. உன்ரை நல்லாத்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் கையெழுத்தைப் பார்த்து அண்ணையின் தாளைத் தேடி எடுத்தேன். நாலாம் நம்பருக்கு அவரும் பத்துத்தான் போட்டிருந்தார்.

"உது என்ரை எண்டு தெரிஞ்சுதோ?"

"முதல் வாயிலையே தெரிஞ்சுது."

"பிறகென்னத்துக்குப் பத்து? அங்கை ஊர் பேர் தெரியாத ஆக்களுக்கெல்லாம் உண்மை சொல்லுவியள். எனக்கு மட்டும் பொய்யோ?"

"உன்ரை வீட்டிலை இருந்து சாப்பிட்டுக்கொண்டு வேறை என்னத்தைச் சொல்லுறது தங்கச்சி?"

எனக்கு வந்த கோபத்தில் கிளாஸ் நிறைய ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். சொல்லும் மட்டும் விடமாட்டேன் என்று நின்றேன். அவர் ஒரு வாய் குடித்தார். மெல்ல மெல்லச் சொன்னார்: "திராட்சை பழுக்கமுந்தி வாங்கிறாய். அந்தப் புளிப்பை மறைக்கச் சீனியைக் கொட்டுறாய். கரண்டியும் சரியாக் காயேல்லை, பூஞ்சண வாசம் அடிக்குது. பன்னிரண்டு வருசமும் உதுதான்."

கேட்டது நான்தான். ஆனாலும் பொறுக்க முடியவில்லை. சீனியை விடுவோம், கரண்டியைப் பற்றியுமா சொல்ல வேண்டும்? குசினிக்குள் போய்ச் சட்டிகளைப் போட்டு உருட்டினேன்.

மத்தியானம் சோறும் நண்டுக் கறியும் போட்டேன். அண்ணை ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, வாயைத் திறந்தார்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம்," என்றேன். "பேசாமல் சாப்பிடுங்கோ."