பேர் வெட்டிய பாத்திரங்கள்

எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த பாத்திரங்கள் எல்லாவற்றிலும் என் அப்பா பெயரை வெட்டித்தான் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். அண்டாவோ கரண்டியோ, யார் வீட்டுச் சாமான் என்று பிற்காலத்தில் சண்டை வந்துவிடக் கூடாது பாருங்கள். சண்டை வேறு வழியாக வந்தது.

கண்டமங்கலத்தில் என் வீட்டுக்காரரின் வீட்டு வாசலில் ஊர்க்காரர்கள் கூடி எங்கள் கல்யாணத்தை அத்துவிட்ட அன்று, என் அண்ணன்கள் இருவரும் ஒரு குட்டி யானை வண்டியோடு வந்தார்கள். ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பிப் பார்த்து, அப்பா பெயர் இருந்தால் ஏற்றினார்கள். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவள் பால் குடிக்க என் வீட்டுக்காரர் வாங்கிய சின்ன டம்ளரில், அவர் இனிஷியலோடு அவள் பெயர் வெட்டியிருந்தது. பெரிய அண்ணன் அதை எடுத்துப் படியில் வைத்துவிட்டார்.

"நம்ம பேரு இல்லாத எதுவும் நமக்கு வேணாம். புள்ளைய நாங்க பாத்துக்குவோம். உங்க காசு ஒண்ணும் தேவையில்ல."

என் வீட்டுக்காரருக்கும் அது வசதியாகப் போயிற்று. குழந்தை அண்டாவுக்குள் உட்கார்ந்து திண்டிவனத்தில் என் பிறந்த வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ரோஷப்படுவது ஆண்களுக்கு, நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் பீஸுக்குப் பதில் சொல்வது எனக்கு.

அண்ணன்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணிகளின் முகம் பார்த்தே என் மகள் வளர்ந்தாள். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் பார்க்கிறேன், நோட்டு தீர்ந்துபோய் அட்டையின் உள்பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எதையும் கேட்கக் கூடாது என்று அவளாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாளே ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். "அண்ணன் அன்னைக்கே வேணாம்னு சொல்லிட்டாருங்க மேடம்" என்றேன்.

"வேணாம்னு சொல்றதுக்கு அவரு யாரும்மா? நீயே சொன்னாலும் செல்லாது. ஜீவனாம்சம் புள்ளையோட உரிமை. அப்புறம், ஊர்ல அத்துவுட்டதெல்லாம் கோர்ட்டுல விவாகரத்துன்னு நிக்காது. அதுக்குத் தனியா மனு போடணும்."

அண்ணன் குதித்தார். "அவன்கிட்ட போய் கையேந்திக்கினு நிப்பியா? நம்ம மானம் என்னா ஆவுறது?"

"நான் கேக்கலண்ணே. உன் மருமவ கேக்கறா."

விழுப்புரம் கோர்ட்டில் என் வீட்டுக்காரர் நிதானமாகத்தான் சொன்னார்: "எல்லாத்தையும் அன்னைக்கே குடுத்துட்டோங்கய்யா. பேரு பாத்துப் பாத்து ஏத்திக்கினு போயிட்டாங்க."

"பொண்ணுக்கு யாரு இனிஷியல்?" என்று கேட்டார் நீதிபதி.

அவர் தலை குனிந்தது. "என்னோடதுதாங்க."

மாதாமாதம் அவளுக்குத் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. விவாகரத்து மனு இன்னும் நடக்கிறது. எனக்கு அதில் அவசரமில்லை.

அடுத்த வாய்தாவுக்கு அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். வராந்தாவில் மகளிடம் எதையோ எடுத்து நீட்டினார். அந்த டம்ளர். இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெட்டியிருந்த பெயரை விரலால் தடவினாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல பால் பத்தாதுப்பா. எனக்குப் பெருசா வேணும்."

ஒரு நோட்டுகூடக் கேட்காத பிள்ளை, கேட்டுவிட்டாள்.